ஏரியா பெயரை நம்பாமல் தெருவைப் பார்த்தவர்கள்: தென்சென்னையில் ஒரு குடும்பம் வீடு வாங்கிய கதை

வாங்கியவர்கள் நான்கு பேர் கொண்ட குடும்பம். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் போயாக வேண்டும். மனைவி சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கிறார், மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. கணவரின் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்மானம், படி ஏற முடியாது. கையில் 30 லட்சம் சேமிப்பு, 55 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்று கணக்கு. பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 85 லட்சத்துக்குள் முடிய வேண்டும். வங்கிகளுக்கு வீடு மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில். கணவர் என் பழைய நண்பரும்கூட. அதனால் தேடலின் பெரும்பகுதியில் நானும் கூடவே அலைந்தேன். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். தெருப் பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

அதுவரை வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மூழ்கியது, கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது, சம்ப்புக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்தது. பாட்டியைக் கீழே இறக்கவும் வழியில்லை, மேலேயே வைத்துக்கொள்ளக் குடிக்கத் தண்ணீரும் இல்லை. சொந்த வீடு என்ற பேச்சு அந்த வாரம்தான் தீவிரமானது. அப்போது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை ‘மாடி வீடாக இருக்க வேண்டும்’ என்பது. அந்த வாரமே மாடியில்தான் மாட்டிக்கொண்டார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை! வெள்ளத்தில் வீடு நனையாமல் இருப்பது பாதி விஷயம். தெருவிலிருந்து வெளியே போக முடிவது மீதிப் பாதி.

முதல் பட்டியல்

தொடக்கத்தில் எல்லோரையும் போலத்தான் பேசினார்கள். ‘மடிப்பாக்கம் எப்படி? மேடவாக்கம் வளருதாமே? நங்கநல்லூர் கட்டுப்படியாகுமா?’ சொத்து விளம்பரம் முழுக்க இந்தப் பெயர்களில்தான் நடக்கிறது. ஆனால் மடிப்பாக்கம் என்று ஒரே ஒரு ஊர் கிடையாது. அதற்குள்ளேயே, மேடவாக்கம் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் 2015 வெள்ளத்திலும் வாசல்படி நனையாத வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், ராம் நகர் தெற்குப் பக்கம், ஒவ்வொரு பெருமழைக்கும் படகு வருகிறது. இரண்டுக்கும் ஏரியா பெயர் ஒன்று. விலையிலும் மலையளவு வித்தியாசம் இல்லை. அதனால் அவர்களிடம் நான் சொன்னது இதுதான்: ஏரியாவை வைத்து எதையும் கழிக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். தெருவைக் கழிப்போம்.

குரோம்பேட்டை–சிட்லபாக்கம் பக்கமும் ஒரு வாரம் பார்த்தோம். கணவருக்கு மின்சார ரயில் வசதி. ஆனால் மனைவி சோழிங்கநல்லூர் போக ஊரைச் சுற்ற வேண்டும். நாங்கள் பார்த்த வீடுகளில் நிலத்தடி நீரும் உப்புக் கரித்தது. நாகல்கேணி, பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் அந்த வட்டாரத்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பழையது, எல்லோருக்கும் தெரிந்தது. அதை அத்துடன் விட்டோம்.

மீதமிருந்தவை மூன்று: பெரும்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய அடுக்ககம், மடிப்பாக்கத்தில் ஐந்து வருடப் பழைய ஒரு ஃபிளாட், நங்கநல்லூரில் பதினாறு வருடப் பழைய ஒரு ஃபிளாட்.

பெரும்பாக்கம்

குடும்பத்துக்கு முதலில் பிடித்தது இதுதான். மூன்று படுக்கையறை, 1,180 சதுர அடி, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இருபத்திநான்கு மணி நேரக் காவல். விளம்பர விலை 78 லட்சம். மனைவியின் அலுவலகம் கூப்பிடு தூரம். மகளுக்கு நீச்சல் குளத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது. விற்பனைப் பிரிவில் இருந்த இளைஞர் நல்ல பையன். தெளிவாகப் பேசினார், காபி கொடுத்தார், மெட்ரோ வரப்போகிற வரைபடத்தைக் காட்டினார்.

மெட்ரோ பொய்யில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கி.மீ.; அதில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை வரும் 47 கி.மீ. பாதை மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. ஆனால் ‘வரப்போகிறது’ என்ற சொல்லுக்கு இன்றே பணம் கொடுப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் 5 கி.மீ. வேலை 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பது வழக்கில் மாட்டிக்கொண்டது. நாங்கள் வீடு தேடிய 2024இல் தூண்கள் நின்றன, ரயில் ஓடவில்லை. அந்த ரயிலை நம்பி 2008இல் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் இந்நேரம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

பெரும்பாக்கத்தில் என்னை யோசிக்க வைத்தது தண்ணீர். இரண்டு பக்கமும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் என்பது தென்சென்னையின் தொட்டி. தாம்பரம் பக்கத்திலிருந்து வரிசையாக இருக்கும் ஏரிகள் ஒவ்வொன்றும் நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீரை விடும். கீழ்க்கட்டளை ஏரி நாராயணபுரம் ஏரிக்கு, நாராயணபுரம் ஏரி சதுப்புநிலத்துக்கு என்று சங்கிலி. கடைசியில் எல்லாம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். கடல் பொங்கியிருக்கும் நேரத்தில் மழையும் பெய்தால் தண்ணீர் போகாது, பின்வாங்கித் தேங்கும். 2015இலும் 2023இலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இந்த அமைப்புதான் அடிப்படை. எத்தனை கோடிக்கு மழைநீர் வடிகால் கட்டினாலும், வடிந்து போகிற இடமே நிரம்பியிருந்தால் வடிகால் என்ன செய்யும்?

அடுக்ககத்தின் தரைமட்டத்தைச் சாலையிலிருந்து நன்றாக உயர்த்தியிருந்தார்கள். கட்டடத்துக்குள் தண்ணீர் வராது என்றார் அந்த இளைஞர். நானும் ஒத்துக்கொண்டேன். ‘சரி தம்பி, ரோடு?’ என்று கேட்டார் என் நண்பர். ‘ரோடு கவர்ன்மென்ட்டோடது சார்.’ அவர் சொன்னதிலும் தப்பில்லை.

இன்னொரு பக்கம், கோடை. பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, ஊராட்சி. நாங்கள் பார்த்த திட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு கிடையாது. ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கத்து அடுக்ககங்கள் லாரியை நம்பித்தான் ஓடின. அதனால், வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு வேலை உண்டு. பக்கத்தில் ஏற்கெனவே குடியேறிய அடுக்ககத்தின் சங்கச் செயலாளரைப் பிடித்து, 2019 மே, ஜூன் மாத லாரித் தண்ணீர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் காட்டிவிடுவார்கள், அந்தக் கோபம் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. பக்கத்து அடுக்ககத்தின் செயலாளர் எடுத்துக் காட்டிய கணக்கில், அந்த இரண்டு மாதமும் பராமரிப்புக் கட்டணத்தைவிடத் தண்ணீர்ச் செலவு அதிகம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாக்கம் என்றதும் புரோக்கர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘போர்டு குடியிருப்புப் பக்கம் வேண்டாம் சார்’ என்கிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கிளப்பி, சதுப்புநில ஓரத்தில் கொண்டுவந்து வைத்தது அரசு. அந்த மக்களைக் காட்டி இன்னொருவரைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காத வியாபாரம். இந்தக் குடும்பமும் அந்தக் காரணத்துக்காக எதையும் ஒதுக்கவில்லை.

முடிவைச் சாய்த்தது பாட்டி. அவரையும் ஒரு மாலை அழைத்துப் போய், மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினோம். நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்து வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பெரிய சாலை, லாரிகள், எதிரே காலி மனை. ‘மருந்துக்கடை எங்கடா?’ என்றார் மகனிடம். ஆப்பில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வரும் என்று மகன் சொன்னார். ‘வரட்டும். நான் எங்க போறது?’

அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான். அலுவலக நாள்களில் மற்ற மூவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை வரை வீட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் தொழிலில் பார்க்கிறேன், வீடு தேடும்போது சம்பாதிப்பவரின் அலுவலக தூரத்தைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள். வீட்டில் இருப்பவரின் நடைதூரத்தை அளப்பவர்கள் குறைவு.

மடிப்பாக்கம்

72 லட்சம் கேட்டார்கள். 1,020 சதுர அடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, உள்ளே பளபளவென்று இருந்தது. கிண்டிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவில் இருப்பதால் கணவன் மனைவி இருவருக்கும் நியாயமான இடம். காகிதத்தில் இதுதான் சிறந்த வீடு.

தெருவை மூன்று விதமாகப் பார்த்தோம். முதலில் கண்ணால். தெருவில் பழைய வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடந்தது. உள்ளே போக இரண்டு படி இறங்க வேண்டும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கிறது. புதிய வீடுகள் மூன்றடி, நான்கடி உயர்த்திக் கட்டியிருந்தன. ஒரு தெருவில் புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் போட்டி போட்டு உயர்த்தியிருந்தால், அதற்குக் காரணம் அழகு இல்லை. மின்வாரியப் பெட்டி ஆள் உயரப் பீடத்தின் மேல் நின்றது. காம்பவுண்டு சுவர்களில் இடுப்பளவில் ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு, வெள்ளையடித்தும் மறையாமல்.

இரண்டாவது, காகிதத்தில். அரசின் இணைய சேவையில் பட்டாவையும் அ பதிவேட்டையும் பார்க்கலாம். புல எண் எந்த வகை நிலம் என்று அதில் இருக்கும். ஏரி, ஓடை, கழுவெளி, மேய்ச்சல் புறம்போக்கு என்று வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இந்த மனை சுத்தமான பட்டா நிலம்தான். ஆனால் வருவாய்க் கிராம வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது, தெருவின் பின்பக்கமாக ஒரு போக்குக் கால்வாய் கோடு கிழக்கே போனது. நேரில் போய்ப் பார்த்தால் அங்கே கால்வாயைக் காணோம். மூடி போட்ட ஒரு சிறு வடிகால்தான் இருந்தது. பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும். மழைக்கு அது தெரியாது, மழை பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் போகும்.

மூன்றாவது, ஆட்களிடம். தெருவில் யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டால் ‘தண்ணியா? இங்கயா? வரவே வராது’ என்பார்கள். அவர்கள் சொத்து விலை அவர்களுக்கு. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும். மழை வந்தால் வண்டியை மேட்டுக்குத் தள்ளிப் போவது அவர்தான். எந்த முனை மேடு, எந்த முனை பள்ளம் என்று அவருக்கு அடிக்கணக்கில் தெரியும். இந்தத் தெருவின் இஸ்திரிக்காரர் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்: ‘மிக்ஜாம்ல இந்தத் தெருவுல படகு வந்துச்சு சார். அந்தப் புள்ளையார் கோயில் முனை தாண்டிட்டீங்கன்னா ஒண்ணும் இல்ல. நான் வண்டிய அங்கதான் வெச்சிருந்தேன்.’

பிள்ளையார் கோயில் முனை மேற்கே சுமார் 300 மீட்டர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் சுவரில் கோடும் இல்லை, வாசலில் இறங்கும் படியும் இல்லை. அங்கே ஒரு ஃபிளாட் விற்பனைக்கு இருந்தது. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. பாட்டியால் முடியாது. அது மட்டும் முதல் மாடியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

72 லட்சம் ஃபிளாட்டுக்குத் திரும்புவோம். தெரு போதாதென்று கட்டடத்திலும் சிக்கல். அனுமதி வரைபடத்தில் வாகன நிறுத்தத்துக்கு மேல் மூன்று மாடி, எட்டு வீடு. நிற்பது நான்கு மாடி, பத்து வீடு. ‘உங்க வீடு மூணாவது மாடி சார், அது அப்ரூவ்டுதான்’ என்றார் விற்றவர். கணக்கைப் பாருங்கள். மனை ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. எட்டு வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு 300 சதுர அடி நிலம். பத்தாகப் பிரித்தால் 240. அனுமதியில்லாத மாடி மேலே இருந்தாலும், அது தின்றிருப்பது கீழே இருப்பவர்களின் நிலத்தை. முப்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும் நாள் வந்தால் கையில் மிஞ்சுவது அந்த நிலப் பங்கு மட்டும்தான். தவிர, வரைபடத்துக்கு மாறான கட்டடத்துக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். நானே மதிப்பீட்டுக்குப் போயிருந்தால் அதைக் குறிப்பிட்டுத்தான் எழுதியிருப்பேன்.

பாதாளச் சாக்கடையும் அப்போது அந்தத் தெருவில் முடிந்திருக்கவில்லை. 2011இல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தபோது மடிப்பாக்கமும் உள்ளே வந்தது. வரி உடனே வந்துவிட்டது, குழாய் மெதுவாகத்தான் வருகிறது.

நங்கநல்லூர்

இங்கே முதலில் பார்த்த வீட்டை ஐந்து நிமிடத்தில் கழித்தோம். நங்கநல்லூர் என்றால் மேடு, பழைய குடியிருப்பு, தண்ணீர் நிற்காது என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. பெருமளவு உண்மைதான், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து நிலம் கிழக்கே சதுப்பு நோக்கிச் சரிகிறது, இது அந்தச் சரிவின் மேல்பக்கம். ஆனாலும் இங்கேயும் பள்ளமான தெருக்கள் உண்டு. பழவந்தாங்கல், தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதைகள் கனமழைக்கு மூடப்படுவது செய்திகளில் வருவதுதான். முதல் வீட்டின் தெரு அப்படி ஒரு பள்ளத்தில் இருந்தது. ஏரியா பெயரை மட்டும் நம்பி வந்தவர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டாவது வீடு 870 சதுர அடி, இரண்டு படுக்கையறை, முதல் மாடி, கீழே வாகன நிறுத்தம், சின்ன லிஃப்ட். 2008இல் கட்டியது. இரண்டு கிரவுண்டில் பத்து வீடு, ஒரு வீட்டுக்கு 480 சதுர அடி நிலப் பங்கு. கட்டடம் வரைபடப்படி இருந்தது. குளியலறைச் சுவரில் ஈரக்கசிவு, சமையலறை மேடை பழசு, ஜன்னல் இரும்பில் துரு. மனைவி முகத்தில் சந்தோஷமே இல்லை. பெரும்பாக்கத்து மாதிரி வீட்டைப் பார்த்த கண்ணுக்கு இது இருட்டாகத்தான் தெரியும்.

ஆனால் தெரு! சுவரில் கோடு இல்லை. குழாய்த் தண்ணீர் வருகிறது. 2019இல் ஆழ்துளைக் கிணறு வற்றியபோது லாரி வாங்கினோம், ஆனால் தினமும் இல்லை என்றார் சங்கத்தின் பொருளாளர், ஓய்வு பெற்ற ஒரு வங்கி ஊழியர். ரசீதுகளை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். பாதாளச் சாக்கடை பல வருடங்களாக இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழைய ஆலந்தூர் நகராட்சி, சென்னையோடு சேருவதற்கு வெகு முன்பே, 1990களின் கடைசியில், வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகப் பேசிப் பணம் திரட்டின. தனியார் பங்களிப்போடு நடந்த அந்தத் திட்டத்தை நாட்டில் பல நகராட்சிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பக்கத்துப் பகுதிகளில் இன்றும் கழிவுநீர் லாரி வருகிறது, இங்கே வருவதில்லை என்றால், இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ கூட்டம் போட்டுப் பேசியதன் பலன் அது. வீடு வாங்கும்போது அந்தப் பழைய உழைப்பையும் சேர்த்தே வாங்குகிறோம். கேட்ட விலையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

கணவருக்கு நங்கநல்லூர் சாலை மெட்ரோவிலிருந்து கிண்டி இரண்டாவது நிலையம். மழைக்காலத்தில் மெட்ரோவுக்குப் போகும் சுரங்கப்பாதை மூடினால்கூட பழவந்தாங்கலில் மின்சார ரயில் இருக்கிறது. மகளுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிகள். பாட்டி வழியில் மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீரைக்காரம்மாவிடம் விலை கேட்டார், எதிர்வீட்டுப் பெரியவரிடம் ‘கோயில் எந்தப் பக்கம்?’ என்று விசாரித்தார். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயர் கோயில் மெதுவாக நடந்தாலும் போய்விடும் தூரம். விமானச் சத்தம் கேட்குமே அம்மா என்று மகன் சொன்னதற்கு, ‘கேட்கட்டும், வீட்ல ஒரு சத்தமாவது இருக்கும்’ என்றார்.

நஷ்டம் மனைவிக்குத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பி, கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாக அலுவலகம் போய்ப் பார்த்தார். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து மேடவாக்கம் மெயின் ரோடு பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெரும்பாக்கமாக இருந்தால் பதினைந்து நிமிடம். இரண்டு மூன்று நாள் வீட்டில் இது ஓடியது. ‘உங்க ஆபீஸுக்கும் அத்தைக்கும் நல்லது, சரி. எனக்கு?’ என்று அவர் கேட்டதற்கு நண்பரிடம் பதில் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவரே ஒரு கணக்குப் போட்டார். வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம். வேலை மாறினால் இந்த தூரமும் மாறும், ஐ.டி.யில் ஒரே இடத்தில் பத்து வருடம் யார் இருக்கிறார்கள்? மாமியாரின் முழங்காலும் மகளின் பள்ளியும் அப்படி மாறாது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். சமையலறையை முழுதாக இடித்து அவர் சொல்கிறபடி கட்ட வேண்டும், மிச்சம் பிடிக்கிறேன் என்று அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

பணம்

பெரும்பாக்கத்து 78 லட்சம் 78 இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 3.9 லட்சம். முதல் விற்பனை என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், 5.46 லட்சம். ஆக 87.36 லட்சம். கார் நிறுத்தம், கிளப் உறுப்பினர் கட்டணம், உள்ளே அலமாரி வேலை எல்லாம் தனி. கட்டி முடியும் வரை வேளச்சேரி வாடகையும், கடன் வட்டியும் ஒன்றாக ஓடும்.

நங்கநல்லூருக்கு 79 கேட்டு 76க்கு இறங்கினார்கள். மறுவிற்பனை என்பதால் ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் முத்திரைத் தீர்வை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம், 6.84 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம், 76,000. சமையலறை, குளியலறை, ஜன்னல், மின்வயர் என்று ரிப்பேருக்கு 3.5 லட்சம். கூட்டினால் 87.1 லட்சம்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன, இரண்டுமே பட்ஜெட்டைத் தாண்டித்தான். ஒன்றில் 310 சதுர அடி கூடுதல் இடமும் நீச்சல் குளமும். இன்னொன்றில் தெரு. மீதி இரண்டு லட்சத்துக்கு நகைக்கடன் வைத்தார்கள்.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்கு வாங்குபவர்தான் கட்ட வேண்டும். இந்த 76,000 ரூபாயை முழு விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம், கூடுதல் செலவில்லை. ஆனால் பத்திரம் முடிந்த பரபரப்பில் இதை மறந்து, பிறகு அபராதம் கட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பத்திரம்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வக்கீல் முப்பது வருட வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பார்த்தார். வீடு விற்பவரின் அப்பா பெயரில் வாங்கியது, அப்பா காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றில் அம்மா, மகன், கோயம்புத்தூரில் திருமணமாகிப் போன மகள் என்று மூன்று பேர். விற்க முன்வந்தவர் மகன் மட்டும். ‘தங்கச்சிக்கு அப்பவே சீர் செஞ்சு முடிச்சாச்சு சார், அவ கேட்க மாட்டா’ என்றார். கேட்கமாட்டார் என்பது குடும்பத்துக்குள் சரி; பத்திரத்துக்கு அம்மா கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் வேண்டும். வக்கீல் இதில் கொஞ்சமும் அசையவில்லை. தங்கை நேரில் வந்து கையெழுத்துப் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அண்ணன் தங்கைக்குள் ஏதோ பேச்சு நடந்து, அவருக்கும் ஒரு பங்கு போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். நியாயம்தான்.

கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: உரிமைப் பத்திரத்தில் குறை என்று வங்கி கடனை மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வர வேண்டும். விற்பவர்கள் முதலில் முனகினார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். தன் பத்திரத்தில் நம்பிக்கை உள்ளவருக்கு அந்த வரியால் செலவே இல்லை.

2025 நடுவில் பதிவு முடிந்தது. அதற்குப் பிறகு, செப்டம்பரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ராம்சர் எல்லையிலிருந்து (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அங்கீகரிக்கப்பட்ட பகுதியின் எல்லை) 1 கி.மீ.க்குள், ஆய்வு முடியும் வரை புதிய கட்டட அனுமதிகளைப் பரிசீலிக்க வேண்டாம் என்று சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உத்தரவிட்டது. ராம்சர் அங்கீகாரம் 2022இலேயே வந்தது. எல்லை அப்போதிருந்தே தாளில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இனி வாங்க நினைப்பவர்கள், அனுமதி இருக்கிறதா என்று கேட்பதோடு அந்த எல்லையிலிருந்து மனை எவ்வளவு தூரம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வருட வடகிழக்குப் பருவமழையில் தெருமுனையில் ஒரு நாள் காலை கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, மதியத்துக்குள் வடிந்துவிட்டது. கரண்ட் போகவில்லை. குளியலறைக் கசிவு மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. மேல்வீட்டுக்காரரின் தளத்திலிருந்து வருகிறது என்கிறார் பிளம்பர், இல்லை என்கிறார் மேல்வீட்டுக்காரர், சங்கக் கூட்டத்தில் பேச்சு நடக்கிறது. சமையலறை மனைவி கேட்டபடியே வந்தது, மூன்றரை லட்சம் நாலே காலானது. அலுவலக நாள்களில் அவர் காலை ஏழே காலுக்கே கிளம்பிவிடுகிறார். எட்டு மணிக்கு மேல் என்றால் கீழ்க்கட்டளையில் மாட்டிக்கொள்கிறாராம். நிறுவனத்தில் கிண்டி கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.